ஆதார் நகலுக்கு யார் பொறுப்பு? புதிய தரவுச் சட்டமும் கொங்கு நாட்டுக் கம்பெனிகளும்

திருப்பூரில் 300 பேர் வேலை செய்யும் ஒரு பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். ஒடிசாவிலிருந்து ஒரு தையல்காரர் புதிதாகச் சேருகிறார். அவருடைய ஆதார் அட்டையை ஏஜென்ட் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார். பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கமும் அதே குரூப்புக்கு வருகிறது. ஆபீசில் ஒருவர் அதை இறக்கி பிரிண்ட் எடுக்கிறார். பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேலை பார்க்கும் கன்சல்டன்ட்டுக்கு எக்செல் ஃபைலாக ஒரு நகல் போகிறது, ஹாஸ்டல் வார்டனுக்கு இன்னொன்று. வாசலில் இருக்கும் வருகைப்பதிவு மெஷின் அவர் முகத்தைப் பதிந்துகொள்கிறது. ஆறு மாதம் கழித்து அவர் ஊருக்குப் போய்விடுகிறார். அவருடைய ஆதார் மட்டும் இங்கே ஏழெட்டு போன்களில் தங்கிவிடுகிறது.

அந்தப் படங்களில் ஒன்றை வைத்து யாராவது சிம் கார்டு வாங்கினாலோ கடன் எடுத்தாலோ யார் பொறுப்பு? ஏஜென்ட்டா, கன்சல்டன்ட்டா, மெஷின் விற்றவரா, முதலாளியா? டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 இதற்கு நேரான பதில் வைத்திருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் பற்றிய செய்திகளில் ‘அபராதம் 250 கோடி’ என்ற ஒரு வரிதான் கண்ணில் படுகிறது. அதைப் பார்த்துப் பயந்தவர்களும் உண்டு, ‘அதெல்லாம் கூகுள், ஃபேஸ்புக் மாதிரி ஆளுங்களுக்குங்க, நமக்கெதுக்கு’ என்று தாண்டிப் போனவர்களும் உண்டு. இரண்டு பேருமே சட்டத்தின் முக்கியமான இடத்தைப் பார்க்கவில்லை.

முதலில், எந்தச் சட்டம் எங்கே நிற்கிறது

குழப்பத்துக்குப் பாதிக் காரணம், ஒரே நேரத்தில் நான்கு அடுக்கு விதிகள் ஓடிக்கொண்டிருப்பது.

1. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000. இதன் கீழ் வந்த 2011 விதிகள் கடவுச்சொல், பேங்க் விவரம், மருத்துவ விவரம், கைரேகை போன்ற உடல் அடையாளங்கள் ஆகியவற்றைக் கூடுதல் கவனத்தோடு கையாள வேண்டிய தகவல் என்று தனியாகப் பிரித்துப் பாதுகாக்கச் சொல்கின்றன. பெரும்பாலான கம்பெனிகள் கண்டுகொள்ளாமலே காலம் தள்ளிவிட்ட விதிகள் இவை.

2. செர்ட்-இன் உத்தரவு. நாட்டின் கணினி அவசரநிலைகளைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்புதான் செர்ட்-இன். 2022 ஏப்ரல் 28 அன்று அது வெளியிட்ட உத்தரவுப்படி, சைபர் தாக்குதல் நடந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். சிறு, குறு நிறுவனங்களுக்குக் கொடுத்த சலுகைக் காலமும் 2022 செப்டம்பரோடு முடிந்துவிட்டது.

3. 2023 தரவுச் சட்டம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று சொன்னதிலிருந்து பிறந்தது இது. 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. விதிகள் வர மேலும் இரண்டு வருடம் ஆனது. 2025 நவம்பர் நடுவில் விதிகள் வெளியாகி, மீறல்களை விசாரித்து அபராதம் போடும் தரவுப் பாதுகாப்பு வாரியம் பற்றிய பிரிவுகள் உடனே அமலுக்கு வந்தன. கம்பெனிகளின் முக்கியக் கடமைகளுக்கு அன்றிலிருந்து 18 மாதம். அறிவித்த கணக்குப்படி 2027 மே நடுவில் அவை அமலாகும். அன்றுதான் மேலே சொன்ன 2011 விதிகளுக்கு அடித்தளமான பிரிவும் நீங்கும்.

4. செயற்கை நுண்ணறிவு, அதாவது ஏ.ஐ. இதற்கென்று இந்தியாவில் தனிச்சட்டம் இல்லை. 2025 நவம்பரில் வந்தவை வழிகாட்டு நெறிகள் மட்டுமே. ஆனால் ஏ.ஐ. வைத்து உண்டாக்கும் படம், வீடியோவுக்கு விதி வந்துவிட்டது. அதைக் கீழே பார்ப்போம்.

18 மாதம் என்பது நிறைய நாள் மாதிரித் தெரியும். சாயக்கழிவு விஷயத்தில் கெடு தள்ளித் தள்ளிப் போய், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது என்ன ஆனது என்பது திருப்பூருக்கு நினைவிருக்கும்.

மூன்று பெயர்கள்: ஜாப் ஒர்க் கணக்கில் பார்த்தால்

சட்டம் மூன்று பேரைப் பற்றிப் பேசுகிறது.

- தரவுக்கு உரியவர்: யாரைப் பற்றிய தகவலோ அவர். இங்கே ஒடிசா தையல்காரர்.
- தரவுப் பொறுப்பாளர்: அந்தத் தகவல் எதற்காக வேண்டும், எப்படிக் கையாள்வது என்று முடிவெடுப்பவர். இங்கே கம்பெனி.
- செயலாக்குபவர்: பொறுப்பாளருக்காகத் தகவலைக் கையாள்பவர். இங்கே பி.எஃப். கன்சல்டன்ட், சம்பள சாஃப்ட்வேர் கொடுத்தவர், வருகைப்பதிவு மெஷினின் கிளவுட் சர்வர் நடத்துபவர்.

இந்த ஊரில் இதைப் புரியவைக்கப் புது உதாரணம் தேட வேண்டாம். துணியைச் சாயப்பட்டறைக்கு ஜாப் ஒர்க் அனுப்புகிறீர்கள். சாயம் ஒட்டவில்லை, ஷேடு மாறிவிட்டது. வெளிநாட்டு பையர் யாரைப் பிடிப்பார்? சாயப்பட்டறைக்காரரின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. ஆர்டர் எடுத்தவர் நீங்கள், பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள். அப்புறம் நீங்கள் சாயப்பட்டறைக்கு டெபிட் நோட் போட்டு நஷ்டத்தைப் பிடித்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் இருவருக்கும் இடையில் உள்ள கணக்கு.

தரவுச் சட்டமும் அப்படித்தான். தகவல் கன்சல்டன்ட்டின் கம்ப்யூட்டரிலிருந்து கசிந்தாலும், வாரியம் நோட்டீஸ் அனுப்பப்போவது தரவுப் பொறுப்பாளருக்கு. ‘சாஃப்ட்வேர்க்காரர் பார்த்துக்கொள்வார்’ என்ற பதிலுக்கு இங்கே இடமில்லை. செயலாக்குபவரிடம் முறையான ஒப்பந்தம் போட்டுத்தான் வேலை கொடுக்கலாம் என்கிறது சட்டம். என்னென்ன பாதுகாப்பு ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதும் அந்த ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும் என்கின்றன விதிகள். டெபிட் நோட் போடுவதற்கு ஆதாரம் அந்தக் காகிதம்தான். இன்றைக்குப் பல கம்பெனிகளில் பி.எஃப். கன்சல்டன்ட்டோடு இருக்கும் ஒரே ஒப்பந்தம் மாதாமாதம் அவர் அனுப்பும் பில்.

சம்மதம் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

‘இனி எல்லாவற்றுக்கும் கையெழுத்து வாங்கணும்’ என்று பரவும் பேச்சு பாதிதான் சரி.

1. வேலைவாய்ப்பு: வேலை சம்பந்தமான தேவைக்கும், கம்பெனிக்கு நஷ்டம் வராமல் காப்பதற்கும் தொழிலாளியின் தகவலைச் சம்மதம் இல்லாமலே பயன்படுத்தலாம். சம்பளம் போட, பி.எஃப். கட்ட, வருகை பதிய இது போதும். ஆனால் தகவலைப் பத்திரமாக வைக்கும் கடமையும், தேவை முடிந்ததும் அழிக்கும் கடமையும் இதனால் போய்விடாது. வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லும் பதிவேடுகளை மட்டும் அந்தக் காலம் வரை வைக்கலாம். வாட்ஸ்அப் குரூப்பில் கிடக்கும் ஆதார் படம் அந்தக் கணக்கில் சேராது.

2. வாடிக்கையாளர்: கோவையில் ஜவுளிக்கடை பில் கவுன்டரில் ‘நம்பர் சொல்லுங்க’ என்கிறார்கள். பில்லை மெசேஜில் வாங்கிக்கொள்ளத் தானாக நம்பர் கொடுத்தால், பில் அனுப்பலாம். அதே நம்பருக்கு ஆடித் தள்ளுபடி விளம்பரம் அனுப்புவது வேறு நோக்கம், அதற்குத் தனிச் சம்மதம் வேண்டும். ஒரு காரியத்துக்கு வாங்கியதை இன்னொன்றுக்கு எடுக்கக் கூடாது என்பதுதான் இந்தச் சட்டத்தின் முதுகெலும்பு.

3. சம்மதம் கேட்கும் அறிவிப்பு: என்ன தகவல், எதற்காக என்று எளிய வார்த்தையில், தனியாக இருக்க வேண்டும். ஆங்கிலத்திலோ, எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வசதி தர வேண்டும். தமிழ் மட்டுமல்ல, ஒடியாவும் மைதிலியும் சந்தாலியும் அந்தப் பட்டியலில் உண்டு. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும், கொடுத்த அளவுக்கே சுலபமாக இருக்க வேண்டும். ஒரு கிளிக்கில் வாங்கிவிட்டு, வாபஸ் வாங்க நேரில் வரச் சொல்ல முடியாது.

4. 18 வயதுக்குக் கீழ்: நாமக்கல் பக்கத்துப் பள்ளிகள் நின்று படிக்க வேண்டிய இடம் இது. பெற்றோரின் சம்மதம், அதுவும் சரிபார்க்கத்தக்க சம்மதம், கட்டாயம். பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது என்ற தடையில் கல்வி நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அது கற்பித்தலுக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் மட்டும். பிளஸ் டூ முடிவு வந்த அன்று மதியமே மாணவியின் போட்டோ, மார்க், ஊர்ப் பெயரோடு இன்ஸ்டாகிராமில் போகும் அட்மிஷன் விளம்பரம் அந்த விலக்குக்குள் அடங்காது.

இன்னொன்று, தாளில் மட்டும் இருக்கும் தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் அந்தத் தாளை ஸ்கேன் செய்த நிமிடமே பொருந்தும்.

சனிக்கிழமை சாயங்காலம் எட்டு மணி

சட்டத்தின் உண்மையான சோதனை கையெழுத்துத் தாளில் இல்லை. ஏதாவது தப்பாகிப் போகும் அன்றைக்குத்தான் அது வரும்.

வாரச் சம்பள நாளான சனிக்கிழமை. இரவு எட்டு மணிக்கு ஆபீஸ் சர்வரின் திரையில் ஒரு அறிவிப்பு: உங்கள் ஃபைல்கள் பூட்டப்பட்டுவிட்டன, பணம் கட்டினால் சாவி தருகிறோம். ரேன்சம்வேர் என்பது இதுதான். கணக்கு, சம்பளப் பட்டியல், ஆதார் ஸ்கேன் எதுவும் திறக்கவில்லை. பேக்கப் இருக்கிறதா என்று கேட்டால், ‘இருக்குங்க, அதே சிஸ்டத்துல டி டிரைவ்ல’ என்று பதில் வரும். அதுவும் சேர்ந்தே பூட்டியிருக்கும்.

வழக்கமாக அடுத்து நடப்பது: சர்வீஸ் பையனைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் ஃபார்மட் அடித்து, திங்கட்கிழமை புதிதாக ஆரம்பிப்பது. வெளியே சொன்னால் பேர் கெட்டுவிடும் என்று மூடி மறைப்பது. புதிய ஏற்பாட்டில் இது இரண்டு விதமாகத் திருப்பி அடிக்கும். ஃபார்மட் அடித்ததும் யார் வந்தது, எதை எடுத்தது என்ற தடயம் அழிந்துபோகும். இன்னொரு பக்கம் கெடிகாரம் ஓட ஆரம்பித்திருக்கும், அதுவும் இரண்டு கெடிகாரம்.

- செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரம். எட்டு மணிக்குத் தெரிந்தால் ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்குள். இது ஏற்கெனவே அமலில் இருக்கும் கடமை.
- 2027 மே முதல், தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு உடனடியாக ஒரு தகவல், 72 மணி நேரத்துக்குள், அதாவது செவ்வாய் இரவு எட்டு மணிக்குள், விவரமான அறிக்கை. அதோடு, பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமில்லாமல் சொல்ல வேண்டும். ஊருக்குப் போய்விட்ட பழைய தொழிலாளர்களின் தகவல் அதில் இருந்தால் அவர்களுக்கும்தான்.

‘தகவல் வெளியே போகலையே, பூட்டித்தானே இருக்கு’ என்று தப்பிக்கவும் முடியாது. தகவலை அணுக முடியாமல் போவதையும் சட்டம் தரவு மீறலாகவே கணக்கில் எடுக்கிறது. பத்துப் பேர் தகவலா, பத்தாயிரம் பேர் தகவலா என்ற பாகுபாடும் இல்லை.

அந்த இரவில் முதலில் செய்ய வேண்டியது நெட் கேபிளை உருவுவது. பிறகு திரையைப் படம் எடுத்து, நேரத்தை எழுதிவைத்து, செர்ட்-இன்னுக்குத் தகவல் கொடுப்பது. எதையும் அழிக்கக் கூடாது. யார் எப்போது உள்ளே நுழைந்தார்கள் என்ற பதிவுகளை, அதாவது லாக், 180 நாள் வைக்கச் சொல்கிறது செர்ட்-இன், ஒரு வருடம் என்கின்றன புதிய விதிகள். நீளமானதையே பிடித்துக்கொள்வது நல்லது.

ஏற்றுமதியாளர்களுக்கு இதைவிட வலிக்கும் இன்னொரு மோசடி உண்டு. உங்கள் மெயிலுக்குள் நுழைந்து பல நாள் சும்மா படித்துக்கொண்டே இருப்பார்கள். பேமென்ட் வரும் சமயம் பார்த்து, உங்கள் பெயரிலேயே பையருக்கு ‘எங்கள் பேங்க் அக்கவுன்ட் மாறிவிட்டது’ என்று ஒரு மெயில் போகும். சரக்கு கப்பலில், பணம் எவனோ ஒருவன் கணக்கில். இதற்கு எந்த அபராதப் பிரிவையும்விட முக்கியம் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண். பணம் கைமாறுவதற்குள் கணக்கை முடக்க வாய்ப்பு இருப்பது முதல் சில மணி நேரங்களில்தான்.

250 கோடி யாருக்கு?

அது உச்சவரம்பு. நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் மீறல் நடந்தால் 250 கோடி ரூபாய் வரை. மீறலை மறைத்தால் 200 கோடி வரை, சிறார் விஷயத்தில் தவறினால் 200 கோடி வரை, மற்ற பெரும்பாலான தவறுகளுக்கு 50 கோடி வரை. தொகையை முடிவு செய்யும்போது மீறல் எவ்வளவு பெரியது, எத்தனை நாள் நீடித்தது, திரும்பத் திரும்ப நடந்ததா, பாதிப்பைக் குறைக்க என்ன செய்தார்கள் என்பதையெல்லாம் வாரியம் பார்க்க வேண்டும். ஐம்பது மெஷின் போட்ட பவர் டேபிள் தையல் யூனிட்டுக்கு 250 கோடி போடுவார்கள் என்று சொல்லி ‘கம்ப்ளையன்ஸ் பேக்கேஜ்’ விற்பவர்களை நம்ப வேண்டியதில்லை.

ஆனால் மறைத்ததற்கென்று தனியாக 200 கோடி வரை வைத்திருப்பதைக் கவனியுங்கள். திருட்டுப் போனதை விடவும், சொல்லாமல் விட்டதுதான் சின்னக் கம்பெனியை மாட்டிவிடும் இடமாக இருக்கும்.

இதில் ஒரு குறையும் உண்டு. அபராதம் முழுக்க இந்திய அரசின் தொகுப்பு நிதிக்குத்தான் போகும். ஆதார் கசிந்த தொழிலாளிக்கு ஒரு ரூபாய் கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் நஷ்டஈடு கேட்க இருந்த 43-ஏ பிரிவையும் புதிய சட்டம் நீக்குகிறது. பொய்ப் புகார் கொடுத்தால் மட்டும் தனிநபருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. சட்டத்தை எழுதியவர்கள் யார் பக்கம் நின்று எழுதினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஏ.ஐ.: சட்டம் குறைவு, சிக்கல் அதிகம்

ஆபீசில் ஏ.ஐ. ஏற்கெனவே நுழைந்துவிட்டது, பல இடங்களில் முதலாளிக்குத் தெரியாமல். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பையரின் மெயிலை அப்படியே ஒட்டி ஆங்கிலப் பதில் எழுதி வாங்குகிறார். எச்.ஆர். இருபது பேரின் பயோடேட்டாவை ஏற்றி ‘இதில் நல்லது எது’ என்று கேட்கிறார். இலவசக் கணக்கில் ஒட்டுவது எங்கே போய்ச் சேர்கிறது, அதை வைத்து ஏ.ஐ. மாடலைப் பயிற்றுவிக்கிறார்களா என்பது அந்தந்தச் சேவையின் நிபந்தனையைப் பொறுத்தது. நம் ஜாப் ஒர்க் கணக்கில் சொன்னால், டெலிவரி சலான் போடாமல் துணியை வெளியே அனுப்புவது மாதிரி. வெளிநாட்டு சர்வருக்குத் தகவல் போவதைச் சட்டம் பொதுவாகத் தடுக்கவில்லை, மத்திய அரசு குறிப்பிட்டுத் தடை செய்யும் நாடுகளைத் தவிர. பொறுப்பு மட்டும் கம்பெனியிடமே இருக்கும்.

ஆன்லைனில் நேரடியாக டி-ஷர்ட் விற்பவர்கள் இப்போது மாடல் அழகிகளுக்குப் பதில் ஏ.ஐ. படங்களைப் போடுகிறார்கள். 2026 பிப்ரவரி 20 முதல் அமலான திருத்த விதிகள்படி, நிஜம் போலத் தோன்றும் செயற்கைப் படம், வீடியோ, குரலுக்கு அடையாளம் இட வேண்டும். பெரிய சமூக ஊடகத் தளங்கள், ஏற்றுகிறவரிடமே ‘இது ஏ.ஐ. உருவாக்கியதா’ என்று கேட்டு உறுதிமொழி வாங்க வேண்டும். நிறத்தைச் சரிசெய்வது, பின்னணியைச் சுத்தம் செய்வது போன்ற வழக்கமான வேலைகளுக்கு இது பொருந்தாது. அந்தத் தளங்களில் பொய் சொல்லி ஏற்றினால் படம் நீக்கப்படலாம், கணக்கும் போகலாம்.

வாரியத்துக்கு முன்னால் பையர் வருவார்

கொங்கு நாட்டுக்கு இந்தச் சட்டங்கள் டெல்லியிலிருந்து வந்து சேர்வதற்கு முன், ஐரோப்பாவிலிருந்து ஒரு கேள்வித்தாளாக வந்துவிடும் என்பது என் கணிப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2018 மே 25 முதல் அமலில் உள்ளது. அதன் உச்ச அபராதம் 2 கோடி யூரோ அல்லது உலக விற்றுவரவில் 4 சதவீதம், எது அதிகமோ அது. கரூரிலிருந்து ஒரு ஹோம் டெக்ஸ்டைல் கம்பெனி, ஐரோப்பிய கடைக்காக வாடிக்கையாளர் வீட்டுக்கே பார்சல் அனுப்பினால், அந்தப் பெயரும் முகவரியும் போன் நம்பரும் கரூரின் எக்செல் ஷீட்டில் இருக்கும். அங்கே பொறுப்பாளர் பையர், கரூர்க்காரர் செயலாக்குபவர். இந்த முறை சாயப்பட்டறை நீங்கள்தான். பையர் போடச் சொல்லும் தரவு ஒப்பந்தத்தில், நஷ்டத்தை உங்கள் தலையில் கட்டும் வரி ஒன்று நிச்சயம் இருக்கும். கையெழுத்துக்கு முன் படிக்க வேண்டிய பக்கம் அது.

அமெரிக்க மருத்துவமனைகளுக்கு பில்லிங் செய்து கொடுக்கும் கோவை கம்பெனிகளுக்கு ஒரு ஆறுதல். வெளிநாட்டாரின் தகவலை வெளிநாட்டு ஒப்பந்தப்படி இங்கே கையாண்டால், இந்தியச் சட்டத்தின் பெரும்பாலான கடமைகளிலிருந்து விலக்கு உண்டு. பாதுகாப்பு ஏற்பாடு செய்யும் கடமையிலிருந்து மட்டும் கிடையாது.

ஐரோப்பாவின் ஏ.ஐ. சட்டம் 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. வேலையிடத்தில் தொழிலாளியின் முகத்தைப் பார்த்து அவர் மனநிலையை ஊகிக்கும் ஏ.ஐ.யை 2025 பிப்ரவரியிலிருந்து அது தடை செய்கிறது. திருப்பூர் லைனில் மாட்டியிருக்கும் கேமராவுக்கு அது நேராகப் பொருந்தாது. பையரின் ஆடிட் பட்டியலில் ஒரு வரியாக ஏறினால் பொருந்திய மாதிரிதான்.

எங்கே கை வைப்பது

வக்கீல் வைப்பதற்கு முன், செலவில்லாமல் செய்ய முடிந்தவை:

1. ஆதார் படம் வரும் வாட்ஸ்அப் குரூப்பைக் கலைப்பது. ஏஜென்ட் அனுப்ப ஒரே ஒரு ஆபீஸ் மெயில், அதைத் திறக்க இருவருக்கு மட்டும் அனுமதி.
2. யார் யாரிடம் நம் தொழிலாளர் தகவல் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுவது. பெயர்கள் பத்தைத் தாண்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். ஒவ்வொருவரோடும் இரண்டு பக்கத்திலாவது ஒப்பந்தம்.
3. பேக்கப் ஒன்றை எந்த நெட்வொர்க்கிலும் இணைக்காத ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, மாதம் ஒருமுறை அது திறக்கிறதா என்று பார்ப்பது.
4. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு யாருக்குப் போன் போடுவது என்று இன்றே முடிவு செய்வது.
5. வாசலில் இருக்கும் வருகைப்பதிவு மெஷினின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவது. பல இடங்களில் அது மெஷின் மாட்டிய அன்று வந்தவர் வைத்துவிட்டுப் போன ஒன்று இரண்டு மூன்று நான்காகவே இன்னும் இருக்கிறது.